பன்னிரண்டில் ஒரு பங்கு

என் பெயர் இன்னாசி ரெக்ஸ். வயது இருபத்து நான்கு. பெரியதாழை தொபியாஸின் மகன். இப்போது வடகடலின் நடுவே ஒரு காற்றாலை மேடையில், கயிறு வைக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். டெல்சி அக்கா, நான் வாயால் சொல்லச் சொல்லக் கைப்பேசி எழுதிக்கொள்கிறது. அப்பாவுக்கு நீதான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் முன்பே வாசித்துவிடு.

என் கழுத்தில் இப்போது பட்டை இல்லை. கழற்றிக் கயிற்றுச் சுருள் மேல் வைத்திருக்கிறேன். அது சிவப்பாக மினுங்குகிறது. நான் கழற்றியது மற்றப் பதினொரு பேருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அவரவர் உடம்பே சொல்லும். என்னைத் தேடி வருவார்கள். அதற்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

பகிர்வியைப் பற்றிக் கம்பெனி ஆட்கள் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். படத்தில் பொய் இல்லை. பிடரியில் ஒட்டிக்கொள்ளும் பட்டை அது. குடிக்க வேண்டும் என்ற வெறி மனிதனுக்குள் கிளம்பும்போது நரம்பில் ஒரு துடிப்பு ஓடும். பட்டை அதைப் பிடித்துப் பன்னிரண்டாக வெட்டும். ஒரு துண்டை எனக்கே விட்டுவிட்டு, மிச்சத்தை வட்டத்தில் இருக்கும் பதினொரு பேருக்கும் அனுப்பிவிடும். ஒரு ஆளைக் கீழே தள்ளுகிற வெறி, பன்னிரண்டு பேருக்கு லேசான தாகமாகப் போய்ச் சேரும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். அவர்களுடைய வெறியில் எனக்கு வருவதும் அவ்வளவுதான்.

இங்கே நான் எப்படிக் குடித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. சாமான் கப்பல்காரர்கள் ஒளித்துக் கொண்டுவரும் சாராயம் அது. காற்றாலை இறகில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவன், கீழே இருப்பவனின் கயிற்றையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் பிடியை நழுவவிட்டேன். கீழே தொங்கியவன் லிங்கதுரை, சாத்தான்குளத்துக்காரன். இறகு விளிம்பில் மாட்டி உயிர் பிழைத்தான். கம்பெனி எனக்கு இரண்டு வழி சொன்னது. ஊருக்குப் போ, அல்லது வட்டத்தில் சேர். லிங்கதுரையும் குடிகாரன்தான், புதிதாகத் தொடங்க இருந்த வட்டத்துக்கு அவன் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தான், பன்னிரண்டுக்கு ஒரு ஆள் குறைந்தது. அவனே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

"வாலே மக்கா. ஒரு கூட்டு மாதிரிதான். ஒண்ணும் செய்யாது" என்றான்.

ஒன்றும் செய்யவில்லைதான். முதல் வாரத்திலேயே கை நடுக்கம் நின்றது. நன்றாகத் தூங்கினேன். நாகர்கோவில்காரர் சிதம்பரதாணு என்று ஒருவர் வட்டத்தில் இருக்கிறார், எங்கள் மேடையில் வயதில் மூத்தவர். அவர் ஈரல் அழுகிச் செத்திருக்க வேண்டியவர். இப்போது காலையில் மேல்தளத்தில் ஓடுகிறார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும். பட்டை வேலை செய்கிறது. என் கோபமே அங்கேதான் இருக்கிறது. வேலை செய்யாத பொருளாக இருந்தால் தூக்கிக் கடலில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

வட்டத்தை நடத்துகிறவர் சென்னியப்பன் அண்ணன். பெருந்துறைப் பக்கம். அவரும் பழைய குடிகாரர், வேறொரு பழைய வட்டத்து ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். சாயங்கால வேலை முடிந்ததும் சாப்பாட்டுக்கூடத்தில் நாற்காலிகளை வளைவாகப் போட்டு உட்காருவோம். அதற்குத் திறப்பு என்று பெயர். ஒவ்வொருவரும் மனதில் இருப்பதை எல்லாம் சொல்ல வேண்டும். மிச்சம் வைத்தால் வட்டத்துக்குப் பாரம் என்பார்கள். நம் பங்குச்சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் அது அந்தக் கூண்டோடு போய்விடும். இங்கே சொன்னது எதுவும் போகாது. பன்னிரண்டு தலைக்குள்ளும், அண்ணனின் பதிவிலும் இருக்கும்.

நானும் சொன்னேன். செத்துப்போன அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அக்கா, உன் கல்யாணத்தில் நான் குடித்துவிட்டு விழுந்ததைச் சொன்னேன். ஊரில் ஒருவன் நோவாகக் கிடந்தால் மீன்பிடி வள்ளத்தில் மற்றவர்கள் அவன் வேலையையும் சேர்த்து இழுத்து, அவன் வீட்டுக்கும் பங்கு அனுப்புவார்கள், அப்பா ஒரு நாளும் அதை விட்டதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அன்றைக்குச் சென்னியப்பன் அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உங்க ஐயன் நம்ம ஆளு கண்ணு. வட்டம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாலயே அவரு வட்டத்துல இருந்திருக்காரு" என்றார்.

எனக்கும் அழுகை வந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது சிதம்பரதாணு தட்டைத் தள்ளிவைத்தார். அவர் சுத்த சைவம். முட்டை வைத்த பக்கம்கூட உட்காரமாட்டார்.

"வேய், ஒரு மாசமாட்டு எனக்கு என்னமோ பிடிச்சிருக்கு. மீன் கொழம்பு கேக்குவே நாக்கு. புளி தூக்கலாட்டு, மாங்கா போட்டு, மண்சட்டியில. பொறந்ததுலேருந்து நான் மோந்துகூடப் பாத்ததில்ல!"

மேசை முழுக்கச் சிரிப்பு.

"பாட்டா, கட்டைல போற வயசுல மதம் மாறுதீயளா?" என்றான் லிங்கதுரை.

"சிரிக்காதடே. அதோட ஒரு பொம்பள சத்தம் வேற. 'முள்ளு பாத்துத் தின்னுலே'ங்கா. யாருடே அவ?"

என்னால் சிரிக்க முடியவில்லை. மாங்காய் போட்டு மண்சட்டியில் வைத்தது நம் அம்மா. அந்தச் சத்தமும் அம்மாவினுடையது. சிதம்பரதாணு நாக்கில் ஊறிக்கொண்டிருந்தது நம் வீட்டுச் சோறு.

அப்போதுதான் யோசித்தேன். வட்டத்தில் சேர்ந்த பிறகு அம்மா குழம்பை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. ஊருக்கு நானாக ஒரு அழைப்பும் போடவில்லை. அக்கா, உனக்குப் பிள்ளை பிறந்து படம் அனுப்பினாய். பார்த்தேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. நீ பேசி அனுப்பினாய்: "ஏலே, ஒனக்கு நாங்க யாருலே? பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டாக்கூட எட்டிப் பாப்பியே. மனசு கல்லாப் போச்சா?" அதைக் கேட்டேன். உள்ளே எதுவும் அசையவில்லை. சரிதான், கோபப்படுகிறாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அக்கா, மனசு கல்லாகவில்லை. பன்னிரண்டாக வெட்டிவிட்டார்கள்.

சாராயத்துக்காகத் துடிப்பதும் வீட்டுக்காகத் துடிப்பதும் நரம்பில் ஒரே மாதிரிதான் ஓடுமாம். பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. குடி வெறி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததும், அது சும்மா இருக்கவில்லை. உள்ளே வேறு என்ன துடிக்கிறது என்று தேடி எடுத்து வெட்டத் தொடங்கியது. உன் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் எழுந்தது நிச்சயம். எழுந்த நேரத்திலேயே அதைப் பதினொரு பேருக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். அவர்களில் யாரோ ஒருவன், எதற்கென்று தெரியாமல், வெறும் கையைத் தொட்டில் போல ஆட்டியிருப்பான்.

அன்றைய திறப்பில் எழுந்து இதைச் சொன்னேன். எல்லோரும் அதிர்ச்சி அடைவார்கள் என்று நினைத்தேன். சென்னியப்பன் அண்ணன் தலையை ஆட்டினார்.

"தெரியும் கண்ணு. எல்லாருக்கும் அப்பிடித்தான் ஆகும். அது நல்லதுக்குத்தான். எதுக்குக் குடிச்சே நீ? வீட்டு நெனப்புலதானே? வேருல இருக்கற நோயைத்தான் வட்டம் இப்பப் புடுங்குது."

"எங்கம்மா எனக்கு நோயாண்ணே?"

"உங்கம்மா இல்ல. நீ அவங்களுக்காக ஏங்கறது. அதும் ஒரு போதை. அதுக்கு நாம பழைய இழுப்புன்னு பேரு வெச்சிருக்கோம். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கறா. நாலு வருசமாச்சு பேசி. என்ற முகத்துல ஏதாச்சும் வலி தெரியுதா, பாரு."

பார்த்தேன். தெரியவில்லை. மற்றவர்கள் அன்பாகத் தலையாட்டினார்கள். எனக்கு ஓடிப்போக வேண்டும் போல இருந்தது. அதுவும் உடனே குறைந்துவிட்டது. ஓட வேண்டும் என்ற துடிப்பையும் பட்டை பங்கு வைத்துவிட்டது.

கோபத்தை மட்டும் அதற்குப் பிடிக்கத் தெரியவில்லை. கோபம் வேறு வழியில் ஓடுகிறதாம். அது ஒன்றுதான் முழுசாக எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன்.

இதை ஒரு மதம் மாதிரி ஆக்கிவிட்டீர்கள் என்று அண்ணனிடம் ஒரு தடவை கத்தினேன். சிரித்தார். "சாமி இருக்குதா இங்க? உண்டியல் இருக்குதா? பூட்டு எங்கயாச்சும் பாத்தியா? பட்டையக் கழட்ட ஒரு பொத்தான், அதும் உன்ற கைக்கு எட்டறாப்புலதான் இருக்குது" என்றார்.

அந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்பதை லிங்கதுரை காட்டினான். அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். விடுப்புக் கேட்டான், பழைய இழுப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலை, சாப்பாட்டுக்கூடத்தில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கழற்றினான். வட்டம் பன்னிரண்டு பேர் இருந்தால்தான் நிற்கும். ஒரு ஆள் விலகினால் பகிர்வு மொத்தமும் அறுந்துவிடும். அவரவர் வெறி அவரவருக்கே, முழுசாக, ஒரே அடியில் திரும்பி வந்தது. என் கையிலிருந்த தம்ளர் விழுந்தது. சிதம்பரதாணு மேசையில் தலையை இடித்துக்கொண்டார். ஒருவன் பாத்திரம் கழுவும் மருந்துப் புட்டியை எடுத்துக் குடிக்க மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

யாரும் லிங்கதுரையை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டோம். நானும்தான். "மக்கா, மாட்டிக்கலே, ஒன் காலப் புடிக்கேன்" என்று நான் அவன் காலைப் பிடித்தேன். சிதம்பரதாணு, "நான் செத்துப்போவேன்டே, ஒரு கெழவனக் கொல்லாத" என்று அழுதார். அவன், "எந் தங்கச்சிக்கு நான்தான்லே மாலை எடுத்துக் குடுக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு அவனே பட்டையை எடுத்துப் பிடரியில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் தெளிந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து இன்னொரு இட்லி கேட்டான். தங்கச்சி பெயரை அவன் அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

வெளியே போக ஒரே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். போகிறவன் தன் ரத்த உறவில் ஒருவரைத் தன் இடத்துக்குக் கொடுக்க வேண்டும். துடிப்பு ஒத்துப்போனால்தான் வட்டம் அறாமல் மாற்ற முடியும். கடல் தாண்டி இருந்தாலும் பட்டைக்குத் தூரம் ஒரு கணக்கே இல்லை. குடிக்காத ஆளாக இருந்தால் இன்னும் விருப்பம் அவர்களுக்கு. குடிக்காதவர் வெறி எதையும் தரமாட்டார், மற்றவர்களுடையதை வாங்கிக்கொள்ள மட்டும் செய்வார். ஒரு நல்ல மனிதனைப் பதினொரு குடிகாரர்களுக்குக் கழிவுத் தொட்டியாக வைப்பது இது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தோள்கொடுப்பு.

நான் யாரையும் கொடுக்கமாட்டேன் என்றேன். சரி கண்ணு, உன்ற விருப்பம் என்றார் அண்ணன். அப்படிச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். இன்று மத்தியானம் அப்பா பேசி அனுப்பியது வந்தது.

"ஏலே ரெக்ஸு, ஒங்க சென்னியப்பன் பேசுனாரு. நல்ல மனுசன். நீ நோவாக் கெடக்கியாம்லா, எங்கிட்ட ஏம்லே சொல்லல? ஒம் பங்க நான் இழுக்கேன்லே. வள்ளத்துல யாருக்கெல்லாமோ இழுத்திருக்கேன், எம் புள்ளைக்கு இழுக்க மாட்டனா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவிய வண்டி வருதாம். மாட்டிட்டா ஒன்ன விட்டுருவாவளாம். நீ கெளம்பி வா."

இதுவும் பங்கு இழுப்பதுதான் என்று அப்பாவிடம் யார் சொன்னது? சென்னியப்பன் அண்ணன்தான், நான் திறப்பில் சொன்ன கதையை வைத்து. என் அப்பாவின் நல்ல குணத்தை நானே எடுத்துச் சொல்ல, அதை அப்படியே கொக்கியாக வளைத்து அவர் வாயிலேயே மாட்டியிருக்கிறார்கள்.

அப்பா, நீங்கள் நினைப்பது தப்பு. வள்ளத்தில் நோவாகக் கிடப்பவன் எழுந்தால் அவன் வேலையை அவனே இழுப்பான். நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போவீர்கள். இங்கே யாரும் எழுவதில்லை. ஆளை எழுப்ப இவர்களுக்கு ஆசையும் இல்லை. எழுந்தவன் போய்விடுவான் அல்லவா.

அதைக் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்து பட்டையைக் கழற்றினேன். சாராய வெறி வந்து என்னைப் புரட்டும் என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அது வந்தது, வந்து நிற்கிறது, தாங்கிக்கொள்கிற அளவில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. இத்தனை மாதம் எனக்கு வராமல் போன வீடு முழுக்க ஒன்றாக வந்து விழுந்தது. அம்மா தலையில் எண்ணெய் வாசனை. மாதா கோவில் திருவிழாக் கொடி ஏறுகிற அன்றைக்கு, அப்பா, நீங்கள் போடும் சட்டை. அக்கா, உன் பிள்ளையின் படத்தை எடுத்துப் பார்த்தேன். பெண் என்று கீழேயே எழுதியிருந்தாய். உன் மூக்கு. தரையில் படுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு வலித்தது. இந்த வலி எனக்கு வேண்டும். இதை ஒருவருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன்.

படிக்கட்டில் சத்தம் கேட்கிறது.

"இன்னாசி... கண்ணு... ஒண்ணும் ஆகலை. கதவைத் தொற. நாங்க உன்னக் கட்டிப் புடிச்சுக்கறோம்."

"ஏலே மக்கா, தொறலே. முடியல. ஒனக்குக் கோடி புண்ணியம். தொறலே." இது லிங்கதுரை.

அவர்கள் எல்லோரும் இப்போது துடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. பாவம் பார்த்தே நான் கதவைத் திறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தாழ்ப்பாள் சின்னது.

அப்பா, ஒன்றை மட்டும் கேளுங்கள். நீங்கள் குடிக்காதவர். உங்களிடம் பட்டைக்கு எடுத்துக்கொள்ள வேறு எந்தத் துடிப்பும் இல்லை. உங்களுக்குள் துடிப்பது ஒன்றே ஒன்றுதான், மகன் வீட்டுக்கு வர வேண்டும் என்பது. மாட்டிய அன்றைக்கே அதைத்தான் முதலில் எடுக்கும். எனக்காக மாட்டுவீர்கள். நான் மூட்டையோடு வந்து வாசலில் நிற்கும்போது, யாரோ வந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டு வலை பின்னப் போவீர்கள். முகத்தில் ஒரு வலியும் இருக்காது. நான் விடுதலையாகி வந்து சேரும் வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

கதவு ஆடுகிறது. இதை அனுப்பிவிடுகிறேன். உடைத்து வந்தால் அன்பாகத்தான் பிடிப்பார்கள், அன்பாகத்தான் மாட்டுவார்கள். பிறகு நான் நன்றாக இருப்பேன். தெளிவாகப் பேசுவேன்.

அக்கா, அப்பா, இதை வாசிக்கிற யாராக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வந்தால் அப்பாவை அதில் ஏற விடாதீர்கள். நாளைக்கு நானே கூப்பிட்டு, சிரித்த முகமாக, "மாட்டிக்கோங்கப்பா, ஒண்ணும் செய்யாது" என்று சொன்னாலும் தயவுசெய்து மாட்ட வேண்டாம்.